அடக்கி வாசித்த இரண்டு நிமிஷம்

கேள்வி: போன இதழில் நீங்கள் புகழ்ந்திருந்ததால் அமெரிக்க ஜாஸ் கிளாரினெட்காரர் பென்னி குட்மன் குழுவின் 1938 நியூயார்க் கார்னகி ஹால் கச்சேரியைத் தேடிப் பிடித்து ‘சிங், சிங், சிங்’ கேட்டேன். பன்னிரண்டு நிமிஷம். டிரம்ஸ்காரர் ஜீன் க்ருப்பா டாம் டாம் டிரம்மில் ஒரே தாளத்தைத் திரும்பத் திரும்பத் தட்டுகிறார். பழைய படத்துண்டுகளில் பார்த்தால் சூயிங் கம் மென்றுகொண்டு, முடி நெற்றியில் விழ, சாமி வந்தவர் மாதிரி ஆடுகிறார். இது வாசிப்பா, வித்தை காட்டலா? இதைவிடச் சிக்கலாக வாசிக்கும் டிரம்ஸ்காரர்கள் இன்று தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்களே?

பதில்: இருக்கிறார்கள். வேகத்திலும் சிக்கலிலும் க்ருப்பாவைத் தாண்டியவர்கள் அவர் காலத்திலேயே வந்துவிட்டார்கள். ஆனால் உங்கள் கேள்வியில் ஒன்று உறுத்துகிறது. பன்னிரண்டு நிமிஷப் பாட்டைக் கேட்டிருக்கிறீர்கள், அதில் ட்ரம்பெட் என்ன செய்தது, கிளாரினெட் என்ன செய்தது, பியானோ எங்கே வந்தது என்று ஒரு வார்த்தைகூட இல்லை. டிரம்ஸ் தனியாக ஒலித்த இடங்களை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு டிரம்ஸ்காரரை எடை போட்டிருக்கிறீர்கள். ஸ்விங் காலத்து (பெரிய குழுக்கள் நடனத்துக்கு ஜாஸ் வாசித்த முப்பதுகள்) டிரம்ஸ்காரர் சம்பளம் வாங்கியது மற்றவர்கள் வாசிக்கும்போது செய்த வேலைக்கு.

அந்த வேலை என்ன என்று பாருங்கள். அன்று மேடையில் குட்மனையும் சேர்த்துப் பதினாலு பேர்: மூன்று ட்ரம்பெட், இரண்டு ட்ராம்போன், நான்கு சாக்ஸபோன், குட்மனின் கிளாரினெட், பியானோ, கிட்டார், பேஸ், டிரம்ஸ். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஒரு மைக் என்ற பேச்சே கிடையாது. க்ருப்பாவின் வலது கால் பேஸ் டிரம்மில் நான்கு அடியையும் விடாமல் வைக்கிறது, இடது கால் இரண்டாவது அடியிலும் நான்காவது அடியிலும் ஹை-ஹாட்டை (காலால் மூடித் திறக்கும் ஜோடி சிம்பல்) மூடுகிறது, கைகள் ஸ்நேர் என்ற சிறு டிரம்மிலும் சிம்பலிலும் மற்றவர்களின் சொற்றொடருக்கு வழி விட்டுக்கொண்டே போகின்றன. ட்ரம்பெட்காரர்கள் மூவரும் ஒரே வாயால் ஊதுவது மாதிரி ஒரு வரியை உச்சத்தில் பிடிக்கிறார்கள் என்றால், அதற்கு அரை மூச்சு முன்னால் ஸ்நேரில் ஒரு அடி விழுந்து ‘இதோ, இப்போது’ என்று சொல்லியிருக்கும். அந்த அடியைக் கேட்டீர்களா?

கேட்கவில்லையென்றால் கச்சேரியின் முதல் பாட்டுக்குப் போங்கள், ‘டோன்ட் பி தட் வே’. 1938 ஜனவரி 16, ஞாயிற்றுக்கிழமை இரவு. க்ருப்பாவுக்கு முந்தின நாள்தான் இருபத்தொன்பது வயது நிறைந்திருந்தது. சிம்பனி கேட்க வருகிற அரங்கம், இருக்கைகள் நிரம்பி மேடையிலும் நாற்காலி போட்டிருக்கிறார்கள், நடன அரங்கில் ஆட்டக்காரர்களுக்கு வாசித்துப் பழகிய குழுவுக்கு எதிரே ஒரு கூட்டம் ஆடாமல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறது. ஆரம்பத்தில் வாசிப்பு கொஞ்சம் விறைப்பாகவே இருக்கிறது, பயம் காதில் விழுகிறது. பாட்டின் முடிவை நெருங்கும்போது குழு சத்தத்தைக் குறைத்துக் குறைத்துக் கொண்டுபோகும், அப்போது சட்டென்று க்ருப்பா ஒரு சின்ன பிரேக் (டிரம்ஸ் மட்டும் தனியாக ஒலிக்கும் துண்டு) அடிக்கிறார். சில நொடிகள்தான். அரங்கம் ஆர்ப்பரிக்கிறது, குழுவும் வேறு குழுவாகிவிடுகிறது! சிக்கலான அடி ஒன்றும் இல்லை, யார் வேண்டுமானாலும் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். பதினாலு பேருக்கும் பயம் தெளிய வேண்டிய அந்த நொடி எது என்று தெரிந்து அங்கே கை வைத்தாரே, அதைக் கற்றுக்கொடுக்க முடியாது.

இப்போது நீங்கள் கேட்ட ‘சிங், சிங், சிங்’. டாம் டாமில் அந்த ஒரே தாளம் திரும்பத் திரும்ப வருகிறது என்கிறீர்கள், சரிதான், அது அந்தப் பாட்டின் தரை. தரை அசையக் கூடாது. அதன்மேல் ஒருவர் பின் ஒருவராக வந்து வாசிக்கிறார்கள். கடைசிப் பகுதியில் குட்மனின் கிளாரினெட் மேலே போய் மிக மெல்லிய ஒரு ஸ்வரத்தில் நிற்கும். பாட்டு முடியப்போகிறது என்று எல்லோரும் நினைக்கும் இடத்தில், ஜெஸ் ஸ்டேசி பியானோவில் ஆரம்பிக்கிறார். முன்கூட்டித் திட்டமிட்டதல்ல. ஏறக்குறைய இரண்டு நிமிஷம், ஆரவாரமான பாட்டுக்கு நடுவே யாரோ தேவாலயத்தில் தனியாக உட்கார்ந்து வாசிப்பது போல. அந்த இரண்டு நிமிஷமும் க்ருப்பா என்ன செய்கிறார்? நீங்கள் ‘சாமி வந்தவர்’ என்று சொன்ன அதே மனிதர் அடியை நிறுத்தாமல், வேகத்தை விடாமல், சத்தத்தை மட்டும் பியானோவுக்குக் கீழே இறக்கிக்கொள்கிறார். அவர் கொஞ்சம் முந்தியிருந்தாலோ கைதட்டலுக்கு ஆசைப்பட்டு ஒரு ரோல் (இடைவிடாமல் உருட்டும் அடி) அடித்திருந்தாலோ அந்த பியானோ அங்கேயே உடைந்திருக்கும். அந்தக் கச்சேரியில் எனக்கு மிகவும் பிடித்த டிரம்ஸ் வாசிப்பு இதுதான்.

இது நேரடிக் கச்சேரியில்தான் நடக்கும். பத்து அங்குல ரெக்கார்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிஷம்தான் அடங்கும். இதே பாட்டை 1937-ல் பன்னிரண்டு அங்குல ரெக்கார்டின் இரண்டு பக்கங்களில் பதிவு செய்தார்கள், அதில் ஸ்டேசிக்கு இந்த இடம் கிடையாது. கார்னகி பதிவு 1950-ல்தான் எல்பியாக வெளிவந்தது. மேடைக்கு மேலே தொங்கவிட்ட மைக்கில் வந்த ஒலி, அதனால் டிரம்ஸ் தனியாகத் தூக்கலாக வராது. மலிவான இயர்போனில் ஹை-ஹாட் காணாமலே போய்விடும், நல்ல ஸ்பீக்கரில் கேளுங்கள்.

வித்தை காட்டினாரா? காட்டினார், அதை மறைக்க வேண்டியதில்லை. பின்வரிசையில் உட்கார்ந்து தாளம் போட்டுக்கொண்டிருந்த டிரம்ஸ்காரரை ஜனங்கள் பார்க்கிற ஆளாக ஆக்கியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. டாம் டாமில் அடித்தோல், மேல்தோல் இரண்டையும் சுருதி சேர்க்கும்படி செய்துகொடுங்கள் என்று டிரம்ஸ் செய்யும் ஸ்லிங்கர்லேண்ட் கம்பெனியைக் கேட்டு வாங்கினவர் அவர். நீங்கள் கேட்டு அலுத்த அந்த டாம் டாமின் ஆழமான குரல் அப்படி வந்தது. குறையும் உண்டு. அதே இரவில் இன்னொரு ஜாஸ் குழுத்தலைவரான கவுண்ட் பேஸியின் குழுவினரோடு சேர்ந்து ‘ஹனிசக்கிள் ரோஸ்’ வாசித்தபோது, வால்டர் பேஜின் பேஸும் ஃப்ரெடி க்ரீனின் கிட்டாரும் மிதக்கிற இடத்தில் க்ருப்பாவின் பேஸ் டிரம் கொஞ்சம் கனமாக விழுகிறது. பேஸியின் டிரம்ஸ்காரர் ஜோ ஜோன்ஸ் அங்கே இருந்திருந்தால் ஹை-ஹாட்டிலேயே காற்று மாதிரி நடத்தியிருப்பார்.

க்ருப்பாவைவிடப் பெரியவர் யார் என்று கேட்டால் நான் சொல்வது டிரம்ஸ்காரரும் குழுத்தலைவருமான சிக் வெப். பால்டிமோரில் பிறந்தவர், சிறு வயதிலேயே முதுகெலும்பில் காசநோய், கூன் விழுந்து, உயரம் மிகவும் குறைவு, தன் உடம்புக்கு ஏற்றபடி பெடல் முதற்கொண்டு செய்வித்துக்கொண்டார். நியூயார்க் ஹார்லெமின் சவாய் நடன அரங்கம் அவருடைய கோட்டை. 1937 மே 11 அன்று குட்மன் குழு அங்கே போய் அவரோடு போட்டிக்கு வாசித்தது. க்ருப்பா தோற்றார். அதை அவரே பிற்பாடு வாய் நிறையச் சொன்னார், கடைசிவரை வெப்பைக் கொண்டாடினார். எட்டு மாதம் கழித்து கார்னகியில் கேட்கிற அந்த அடக்கத்தில் அந்தத் தோல்வி கொஞ்சமாவது கலந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றும். வெப் 1939-ல் போய்விட்டார், முப்பதுகளில்தான் வயது. அவருடைய ‘ஹார்லெம் காங்கோ’ சின்னப் பாட்டுதான், அதையும் போட்டுக் கேளுங்கள்.

அப்புறம் கார்னகிக்குத் திரும்பி, அந்த பியானோ பகுதியை மட்டும் மூன்று தடவை கேளுங்கள். முதல் தடவை பியானோவை, இரண்டாவது தடவை டிரம்ஸை, மூன்றாவது தடவை இரண்டையும் சேர்த்து. கேட்டுவிட்டு மறுபடி எழுதுங்கள், அடுத்த இதழில் போடுகிறேன்.