எட்டு மாசமா தொறக்காத வீடியோ

வணக்கங்க மேடம்,

எனக்கு வயசு 34. திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில மெர்ச்சன்டைசரா இருக்கறேன், கல்யாணமாகி ஆறு வயசுல ஒரு பொண்ணு. இதையெல்லாம் ஒரு பிரச்சனைன்னு எழுதலாமான்னு ரெண்டு தடவ டைப் பண்ணி அழிச்சிட்டேன், ஆனா பக்கத்துல யார்கிட்டயும் சொல்ல முடியல, அதனால எழுதறேங்க.

நான் டல்லஸ் மேவரிக்ஸ் ஃபேன். அமெரிக்காவுல டெக்சாஸ்ல இருக்கற என்பிஏ பாஸ்கெட்பால் டீமுங்க. நான் அமெரிக்கா போனதே இல்ல. 2011 ஜூன்ல கோயமுத்தூர்ல இன்ஜினியரிங் படிச்சிட்டு இருந்தேன், செமஸ்டர் லீவுக்கு ஹாஸ்டல் பூரா காலி, காலேஜ் பாஸ்கெட்பால் டீம் கேம்ப்புக்காக நாங்க கொஞ்ச பேர் மட்டும் தங்கியிருந்தோம், அப்ப என் ரூம்மேட் ஒருத்தன் டேட்டா கார்ட லேப்டாப்ல சொருகி காலைல ஃபைனல்ஸ் போட்டு காட்டினான். ஃபைனல்ஸ்னா ஒரே மேட்ச் இல்லீங்க, முதல்ல நாலு மேட்ச் ஜெயிக்கற டீமுக்குத்தான் கப். படம் நின்னு நின்னு ஓடும். எதிர்ல மயாமி, லெப்ரான் ஜேம்ஸ், டுவெய்ன் வேட்னு பெரிய பெரிய ஆளுங்க, இந்தப் பக்கம் ஜெர்மனிக்காரர் டர்க் நோவிட்ஸ்கி. நாலாவது மேட்ச்ல 101 டிகிரி காய்ச்சலோட ஆடி ஜெயிக்க வச்சாரு. ஆறாவது மேட்ச்ல முதல் பாதில 12 ஷாட் போட்டு ஒண்ணே ஒண்ணுதான் விழுந்துச்சு, அப்புறம் ரெண்டாவது பாதில எழுந்து நின்னாரு பாருங்க. நாங்க கப் அடிச்சோம். மேட்ச் முடிஞ்சதும் அந்த மனுஷன் கொண்டாடக்கூட நிக்காம ஸ்கோர் டேபிள தாண்டி உள்ள ஓடிட்டாரு, தனியா போய் அழறதுக்கு. நானும் ரூம்மேட்டும் அப்படியே லுங்கியோட கிரவுண்டுக்கு ஓடி அந்த சிமெண்ட் கோர்ட்ல ஒத்தக்கால தூக்கி பின்னாடி சாஞ்சு அவரு போடற ஷாட்ட போட்டு போட்டு பாத்தோம். அன்னைல இருந்து நம்ம டீம்னா இதுதாங்க.

2015ல பஞ்சாப் பையன் சத்னாம் சிங்க டிராஃப்ட்ல, அதாவது வருஷா வருஷம் புது ஆட்டக்காரங்கள டீமுங்க வரிசையா எடுக்கறதுல, 52ஆவது ஆளா டல்லஸ் எடுத்தப்ப, இந்தியாவுல பொறந்து என்பிஏ டிராஃப்ட்ல எடுக்கப்பட்ட முதல் ஆளுன்னு, எங்க வீட்டு பையனுக்கு வேலை கிடைச்ச மாதிரி நாங்க ரெண்டு பேரும் ஸ்வீட் வாங்கி சாப்பிட்டோம். அவரு ஒரு என்பிஏ மேட்ச் கூட ஆடாம போனது வேற கதை. அடுத்த வருஷம் என் ரூம்மேட் எம்எஸ் படிக்க டெக்சாஸ் போனான், இப்ப டல்லஸ் பக்கத்துலயே வீடு வாங்கி குடும்பத்தோட இருக்கறான். 2019ல டர்க் 21 சீசன் ஒரே டீமுக்கு ஆடி ரிட்டயர் ஆனப்ப 41 நம்பர் ஜெர்சி ஒண்ணு கொண்டு வந்து குடுத்தான். அப்புறம் லூகா டான்சிச் காலம். ஸ்லோவேனியா பையன், நம்பர் 77. 2023ல ரூம்மேட் ஊருக்கு வந்தப்ப என் பொண்ணுக்கு சின்ன சைஸ்ல 77 வாங்கிட்டு வந்தான். 2024ல ஃபைனல்ஸ் போய் பாஸ்டன்கிட்ட 4-1ன்னு தோத்தோம், வலிச்சுது, ஆனா அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு இருந்துச்சு.

2025 பிப்ரவரி 2, ஞாயித்துக்கிழமை. கறிக்கடைல வரிசைல நிக்கறேன், பத்தே முக்கா இருக்கும், பொண்ணு அந்த 77 சட்டைய போட்டுட்டு என் கைய புடிச்சிட்டு நிக்குது. போன்ல நியூஸ். லூகாவ டிரேட் பண்ணி லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் டீமுக்கு குடுத்துட்டாங்க, பதிலுக்கு அங்கிருந்து ஆன்டனி டேவிஸ். 25 வயசுப் பையனுங்க, ஏழு மாசம் முன்னாடி ஃபைனல்ஸ் கூட்டிட்டுப் போனவன். நியூஸ் போட்டவரோட அக்கவுண்ட்ட யாரோ ஹேக் பண்ணிட்டாங்கன்னு நெனச்சேன். கடைக்காரர் அரைக் கிலோவா ஒரு கிலோவான்னு மூணு தடவ கேட்டிருக்காரு, எனக்கு காதுல விழல. கறி வாங்காமயே வீட்டுக்கு வந்துட்டேன்.

அன்னைக்கு சாப்பிடல. வீட்டுக்காரம்மா கேட்டா, சொன்னேன். "அவங்க என்ன உங்களுக்கு மாமனா மச்சானா"ன்னுட்டா. தப்பா சொல்லல, அவளுக்கு அப்படித்தான் தோணும். மார்ச்ல டீமோட இன்னொரு ஸ்டார் கைரி இர்விங்குக்கு முட்டி லிகமென்ட் கிழிஞ்சு சீசனே போச்சு. மே மாசம், டிராஃப்ட்ல யாரு முதல்ல எடுக்கறதுன்னு போடற லாட்டரில வெறும் 1.8 சதவீத வாய்ப்ப வச்சிட்டு முதல் இடம் விழுந்து, ஜூன்ல கூப்பர் ஃபிளாக்னு பேர் போன காலேஜ் பையன எடுத்தாங்க, எல்லாரும் குதிக்கறாங்க எனக்கு ஒண்ணுமே தோணல. நவம்பர்ல அந்த டிரேட் பண்ண ஜெனரல் மேனேஜர வேலைய விட்டு தூக்கினாங்க, அன்னைக்காவது மனசு ஆறும்னு நெனச்சேன், அதுவும் இல்ல. டல்லஸ்ல ராத்திரி ஏழரை மேட்ச்னா இப்ப நமக்கு காலைல ஏழு மணி. பொண்ண ஸ்கூலுக்கு கிளப்பற நேரம். இன்னமும் போன வச்சிட்டு உக்காந்திருக்கேன், பாக்கறேன், என்ன பாத்தேன்னு தெரியல, வீட்ல தினம் சண்டை.

இன்னொன்னு, இது பெருசில்ல. லூகா டிரேட் ஆன ரெண்டே வாரத்துல என் பிரண்ட், அதே ரூம்மேட், அவன் பையனுக்கு மஞ்ச கலர் லேக்கர்ஸ் ஜெர்சி போட்டு ஸ்டேட்டஸ் வச்சான். "லூகா எங்கயோ நாம அங்கதான் மச்சி"ன்னான். நான் பதில் போடல. ஏப்ரல்ல லூகா முதல் தடவையா டல்லஸுக்கு திரும்பி வந்து ஆடினப்ப இவன் ஸ்டேடியத்துல இருந்திருக்கான், ஒரு வீடியோ அனுப்பினான், அதையும் தொறக்கல. ஃபிளாக் வந்தப்ப "பாத்தியாடா"ன்னு கேட்டான், அதுக்கும் பதில் போடல. அவ்வளவுதாங்க.

நான் பைத்தியமா மேடம்? இத விட்டுரணுமா?

- திருப்பூர் வாசகர்

*

வணக்கம் தம்பி,

பைத்தியம் இல்ல. விடவும் வேண்டாம். உங்க லெட்டர நாலு தடவ படிச்சேன், பாஸ்கெட்பால் எனக்கு அவ்வளவா தெரியாது, ஆனா நீங்க எழுதின தமிழ்ல ஒரு விஷயம் கண்ணுல பட்டுச்சு, அதுலேர்ந்தே ஆரம்பிக்கறேன்.

2011ல "நாங்க கப் அடிச்சோம்"னு எழுதியிருக்கீங்க. சரி, ஜெயிச்சா எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. ராபர்ட் சியால்டினின்னு ஒரு சைக்காலஜிஸ்ட் 1976லயே இத ஆராய்ச்சி பண்ணியிருக்காரு, அமெரிக்க காலேஜ் பசங்க டீம் ஜெயிச்சா "நாம ஜெயிச்சோம்"னும் தோத்தா "அவங்க தோத்துட்டாங்க"ன்னும் சொல்றது அதிகம்னு. ஆனா நீங்க பாஸ்டன்கிட்ட தோத்ததையும் "தோத்தோம்"னுதான் எழுதியிருக்கீங்க. தோல்விலயும் வெளிய போகாத ஆளு நீங்க. உங்க லெட்டர்ல டீம் முதல் தடவையா "அவங்க" ஆனது அந்த கறிக்கடை வரிசைலதான், "குடுத்துட்டாங்க"ன்னு. அதுக்கப்புறம் கடைசி வரைக்கும் "எடுத்தாங்க", "தூக்கினாங்க", எல்லாமே அவங்கதான். பதினாலு வருஷமா வீட்டு ஆளா இருந்தவர ஒரே நாள்ல வாசல்ல நிக்க வச்சா எப்படி இருக்கும், அதுதான் உங்களுக்கு நடந்திருக்கு. சாப்பாடு இறங்காதது ஆச்சரியமே இல்ல.

இன்னொன்னு. அந்த டிரேட் நடந்தப்ப டல்லஸ்ல ஜனங்க ஸ்டேடியம் வாசல்ல கூடினாங்க, டர்க் சிலைகிட்ட பூ வச்சாங்க, ஒரு சவப்பெட்டியே கொண்டு வந்தாங்கன்னு செய்தில படிச்சேன். பாக்கறதுக்கு ஓவரா தெரியலாம், ஆனா யோசிச்சுப் பாருங்க, அவங்களுக்கு போய் நிக்க ஒரு இடம் இருந்துச்சு, பக்கத்துல நின்னு அழ ஆளு இருந்துச்சு. நம்ம ஊர்ல ஒரு சாவு விழுந்தா எதுக்கு நாலு பேர் வந்து துக்கம் விசாரிக்கறாங்க, போனவங்க திரும்ப வரப்போறதில்ல, ஆனா "உனக்கு நடந்தது நிஜம்தான்"னு ஊர் வந்து சொல்லிட்டுப் போகுது. உங்ககிட்ட யாரும் வரல. கென்னத் டோக்கான்னு ஒருத்தர் 1980கள்லயே இதுக்கு பேரே வச்சிருக்காரு, அங்கீகாரம் இல்லாத துக்கம்னு தமிழ்ல சொல்லலாம். சுத்தி இருக்கறவங்க இழப்புன்னே ஒத்துக்காத இழப்பு. அது சீக்கிரம் ஆறாது, ஏன்னா ஆத்தறதுக்கு யாரும் கை வைக்கறதில்ல.

ஆனா தம்பி, லூகா மட்டும்தான் காரணம்னா நவம்பர்ல கொஞ்சமாவது ஆறியிருக்கணும். தப்பு செஞ்சவர்னு நீங்க நெனச்ச ஆளே போயாச்சு, நல்ல பையன் ஒருத்தனும் வந்தாச்சு, அப்பவும் ஒண்ணும் தோணலைன்னா வலி வேற எங்கயோ இருக்கு. "இது பெருசில்ல"ன்னு சொல்லி கடைசில நாலு வரில எழுதினீங்களே, அங்கதான் இருக்குன்னு எனக்குப் படுது. என் அனுபவத்துல ஜனங்க "இது பெருசில்ல"ன்னு சொல்லிட்டு சொல்றத நான் பேனாவ கீழ வச்சிட்டு கேப்பேன்.

தமிழ்ல நாங்க வேற, நாம வேற இல்லையா. எதிர்ல இருக்கறவர சேக்காம சொல்றது நாங்க, சேத்து சொல்றது நாம. வீட்டுக்காரம்மாகிட்ட, ஆபீஸ்ல, யார்கிட்ட மேவரிக்ஸ் பத்தி பேசினாலும் நீங்க "நாங்க"ன்னுதான் சொல்ல முடியும். "நாம"ன்னு சொல்ல உலகத்துலயே உங்களுக்கு ஒரே ஒரு ஆள்தான் இருந்தாரு, லுங்கியோட கிரவுண்டுக்கு ஓடி வந்தவரு. டீம் லூகாவ குடுத்தது பிப்ரவரி 2. அதுக்கு ரெண்டு வாரம் கழிச்சு அந்த மஞ்ச சட்டைய பாத்தப்பதான் உங்களுக்கு "நாம" போச்சு. அவரு "நாம அங்கதான் மச்சி"ன்னு உங்களையும் சேத்துதான் கூப்பிட்டிருக்காரு, உங்களால போக முடியல. ரெண்டுலயும் தப்பில்ல. சில பேருக்கு டீம்னா அந்த ஆட்டக்காரன், சில பேருக்கு அந்த சட்டை. ஸ்டேடியத்துக்கு பக்கத்துல குடியிருக்கறவரு ஆளு பின்னாடி போயிட்டாரு, அமெரிக்காவே பாக்காத நீங்க சட்டைய விடல. அதுக்காக அவரு துரோகின்னு ஆகாது, நீங்களும் அப்படி எழுதல, ஆனா பத்து மாசமா அப்படித்தான் நடத்திட்டு இருக்கீங்க.

ஒரு எச்சரிக்கை மட்டும் சொல்லிடறேன். பாக்கறேன் ஆனா என்ன பாத்தேன்னு தெரியலைன்னீங்களே, அது மேட்ச்ல மட்டும்தானா, வேலைலயும் பொண்ணுகூட இருக்கும்போதும் அப்படியான்னு பாத்துக்கங்க. எல்லாத்துலயும்னா, தூக்கம் பசி குறைஞ்சிருந்தா, நேர்ல ஒரு மனநல டாக்டர போய் பாருங்க, தள்ளிப் போடாதீங்க. மேட்ச்ல மட்டும்னா காலைல ஏழு மணிக்கு லைவ் பாக்கறத கொஞ்ச நாளைக்கு நிறுத்திட்டு, பொண்ண ஸ்கூலுக்கு அனுப்பிட்டு ராத்திரி ஹைலைட்ஸ் பாருங்க. ரசிக்காம பாக்கற மேட்சுக்காக வீட்ல தினம் சண்டை வேண்டாம்.

வீட்டுக்காரம்மாகிட்ட லூகாவ பத்தி சொன்னீங்க, பிரண்ட பத்தி சொன்னீங்களா? சொல்லியிருக்க மாட்டீங்க. "அவன் கூட பேசி பத்து மாசம் ஆச்சு"ன்னு சொல்லிப் பாருங்க. மாமனா மச்சானான்னு கேட்டவங்க அதுக்கு அப்படி கேக்க மாட்டாங்க, அவங்க வீட்டுக்கு வந்து சாப்பிட்டுட்டுப் போன ஆளு அவரு.

அப்புறம் அந்த வீடியோ. அந்த மேட்ச்ல லூகாவுக்காக டல்லஸ்காரங்க ஒரு வீடியோ போட்டாங்க, அவரு பெஞ்ச்ல உக்காந்து டவலால மூஞ்சிய துடைச்சிட்டே அழுதாரு, அப்புறம் எழுந்து 45 பாயிண்ட் அடிச்சாரு, எதிர் டீம் சட்டைல. இத உங்களுக்காக தேடிப் படிச்சேன். உங்க பிரண்ட் என்ன புடிச்சு அனுப்பினாருன்னு எனக்குத் தெரியாது, ஒருவேள இதுவா இருக்கலாம், ஒருவேள ஸ்டேடியத்து கூரைல டர்க்கோட 41 நம்பர் சட்டை தொங்கறதவா இருக்கலாம். தொறந்து பாக்கணும்னு தோணுச்சுன்னா இப்ப முடியாது, வாட்ஸ்அப்ல டவுன்லோட் பண்ணாத வீடியோ இவ்வளவு மாசம் கழிச்சு வராது, அனுப்பினவர திரும்ப அனுப்பச் சொல்லும்.

குளிர்காலத்துல டல்லஸ் நமக்கு பதினொன்றரை மணி நேரம் பின்னாடி. நீங்க காலைல எட்டு மணிக்கு கேட்டா அவருக்கு முந்தின நாள் ராத்திரி எட்டரை, முழிச்சிட்டுதான் இருப்பாரு.