மூட்டு மாற்றிய காலை யாரிடம் கொடுப்பது?

அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து ஒரு மகள் கேட்கிறார்: "அம்மாவுக்கு 63 வயது. காலமெல்லாம் தரையில் உட்கார்ந்து பீடி சுற்றியவர், சர்க்கரையும் உண்டு. வலது முட்டில் மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம் ஆகிறது. வீக்கம் வற்றவில்லை, 70 டிகிரிக்கு மேல் மடங்கவில்லை. எண்ணெய் போட்டு உருவினால் சரியாகும் என்று ஒரு வைத்தியரைச் சொல்கிறார்கள். இன்னொருவர் இடது முட்டுக்கும் காப்பீட்டில் ஏற்பாடு செய்வதாகப் பணம் கேட்கிறார்."

இரண்டு பேரிடமும் போக வேண்டாம்.

மூன்று வாரத்தில் வீக்கம் வற்றாததில் அதிசயமே இல்லை. மூன்று மாதம், சிலருக்கு ஆறு மாதம்கூட இருக்கும், தொட்டால் கொஞ்சம் சூடாகவும் தெரியும். 70 டிகிரி குறைவுதான், இந்நேரம் 90 பக்கம் வந்திருந்தால் நல்லது. அதனால் அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் இந்த வாரமே சர்ஜனிடம் காட்டுங்கள். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய கவலை, கால் முழுக்க நீள்கிறதா என்பது. அம்மாவைப் படுக்க வைத்து முட்டுக்குக் கீழே கையை விட்டுப் பாருங்கள், தாராளமாக நுழைந்தால் கால் நீளவில்லை என்று அர்த்தம். முட்டுக்குக் கீழே தலையணை வைத்திருப்பீர்கள், பத்து வீட்டில் எட்டு வீட்டில் அதுதான் நடக்கிறது. எடுத்துவிடுங்கள். துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்குக் கீழே வைத்து, முட்டைக் கட்டிலை நோக்கி அழுத்தச் சொல்லுங்கள். மடக்குவதற்கு, நாற்காலியில் உட்கார்ந்து பாதத்தை மெல்லப் பின்னால் இழுத்தால் போதும். டாக்டர் கொடுத்த வலி மாத்திரையைப் பயிற்சிக்கு அரை மணி நேரம் முன்னால் கொடுங்கள், முடிந்ததும் துணியில் சுற்றிய ஐஸை கால் மணி நேரம் வையுங்கள்.

இதையெல்லாம் டிஸ்சார்ஜ் அன்றைக்கே ஒருவர் உட்கார்ந்து செய்து காட்டியிருக்க வேண்டும். இங்கே என்ன கொடுக்கிறார்கள்? ஜெராக்ஸ் மேல் ஜெராக்ஸ் எடுத்து மங்கிப்போன ஒரு தாள், அதுவும் இங்கிலீஷில். பீடி சுற்றுகிற அம்மா அதை வைத்து என்ன செய்வார்? 2021ல் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்க வழி இருக்கிறது, ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்ப் பெயரைப் பதியுங்கள். தானாக வருவார்கள் என்று இருந்துவிடாதீர்கள், கேட்டுக்கொண்டே இருந்தால்தான் வருவார்கள்.

இப்போது எண்ணெய்க்காரர். ஆபரேஷனுக்குப் பிறகு கெண்டைக்கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறையலாம். அதை அழுத்தி உருவினால் உறைந்த கட்டி நகர்ந்து நுரையீரலை அடைக்கலாம், உயிரே போகலாம். சர்க்கரை உள்ளவருக்கு ஆறாத காயத்தில் எண்ணெய் பட்டால் சீழ் வைக்கலாம். உள்ளே உலோக மூட்டுவரை அது போனால் மறுபடி திறப்பதைத் தவிர வழி கிடையாது. ஆறு வாரம் கழித்தும் மடங்காவிட்டால் மயக்கம் கொடுத்து மடக்கிவிடுவது உண்டு, அது ஆபரேஷன் தியேட்டரில் சர்ஜன் செய்வது, திண்ணையில் யாரோ செய்வதில்லை.

அப்படியானால் எண்ணெயே ஆகாதா என்று கேட்பீர்கள். ஆகும், ஒரே ஒரு விதத்தில். தையல் பிரித்து, பொருக்கெல்லாம் உதிர்ந்து, எங்கேயும் கசிவு இல்லை என்று டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகு, இரண்டு சொட்டு தேங்காய் எண்ணெயைத் தழும்பின் மேல் மட்டும் விரல் நுனியால் நீங்களே தடவலாம். தழும்பு மட்டும்தான். கெண்டைக்கால் கிடையாது, தொடை கிடையாது, சுட வைத்த எண்ணெய் கிடையாது, பக்கத்து வீட்டு அக்காவின் பலமான கையும் கிடையாது.

கெண்டைக்காலில் வலியோடு வீக்கம், காய்ச்சல், காயத்தில் கசிவு, இதில் எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. மூச்சு வாங்கினால் 108ஐக் கூப்பிடுங்கள்.

அடுத்து அந்த ஏற்பாட்டு ஆசாமி. முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கு இடைத்தரகரே தேவையில்லை. ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று எடுத்துக்கொண்டு திருநெல்வேலி கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசுக்கு நீங்களே போகலாம். இடது முட்டுக்கு இந்த ஆஸ்பத்திரி, அந்த ஆஸ்பத்திரி என்று அவர் கைகாட்டுவதெல்லாம் கமிஷனுக்காக. "வெளிநாட்டு மூட்டு, தரையில் சம்மணம் போடலாம்" என்று லட்சங்களில் பேசினால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: 2017லேயே அரசு மூட்டுக்கு உச்ச விலை வைத்துவிட்டது, சாதாரண கோபால்ட் குரோமியம் மூட்டுக்கு அப்போது வரி தவிர 54,720 ரூபாய். பில்லில் மூட்டின் கம்பெனி, பேட்ச் எண், விலை மூன்றும் தனியாக இருக்க வேண்டும். வலது முட்டுக்கு வாங்கிய பில்லையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

எந்த மூட்டு வைத்தாலும் அம்மா இனி தரையில் உட்கார்ந்து பீடி சுற்ற வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்து மடியில் தட்டு வைத்துச் சுற்றட்டும். வலது கால் நன்றாக நீண்டு மடங்கி, சர்க்கரையும் கட்டுக்குள் வந்த பிறகு இடதைப் பற்றி சர்ஜனிடமே பேசுங்கள்.