மால்டோவா வைன் மலிவுதான், உங்கள் அலமாரிக்கு வரும்வரை

லண்டனில் ஆஃப் லைசன்ஸ் (மது வாங்கிப் போகிற) கடை நடத்தும் ஒரு வாசகர் கேட்கிறார்: "கிழக்கு ஐரோப்பிய நாடான மால்டோவாவின் வைனை பாட்டில் 2 பவுண்டுக்குத் தருகிறேன், வரியே இல்லை என்கிறார் ஒரு ஏஜென்ட். அதே தரத்தில் பிரெஞ்சு வைன் 3 பவுண்ட். துணிந்து இறங்கலாமா?"

வரியே இல்லை என்று அவர் சொன்ன இடத்திலேயே நீங்கள் உஷாராகியிருக்க வேண்டும். பிரிட்டன்–மால்டோவா வர்த்தக ஒப்பந்தத்தால் இல்லாமல் போனது சுங்கவரி மட்டும்தான். எக்சைஸ், அதாவது மதுவுக்கான தனி வரி, எந்த நாட்டு வைனுக்கும் ஒன்றே: ஆல்கஹால் 13 சதவீதம் உள்ள வைனுக்கு, 2025 பிப்ரவரி விகிதப்படி, பாட்டிலுக்கு 2.88 பவுண்ட். லாரிக் கூலி 50 பென்ஸ் என்று வையுங்கள், எல்லாவற்றையும் கூட்டி அதன்மேல் 20 சதவீத வாட் (ஆமாம், வரிக்கும் வரி) போட்டால் 6.46. உங்கள் லாபம் இன்னும் சேரவில்லை. பிரெஞ்சு வைன் இதே கணக்கில் 7.66. தோட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு மலிவாக இருந்தது இங்கே ஆறில் ஒரு பங்குகூட இல்லை.

அதுவும் உண்மையான போட்டி பிரெஞ்சோடு இல்லை. ஆஸ்திரேலியாக்காரர்கள் ஒரே கன்டெய்னரில் 24,000 லிட்டரைப் பையில் ஊற்றி அனுப்பி இங்கே பாட்டிலில் அடைக்கிறார்கள். அது 32,000 பாட்டில். பாட்டிலாகவே ஏற்றினால் 12,000 சொச்சம்தான் பிடிக்கும். 2006லும் 2013லும் ரஷ்யா இறக்குமதிக்குக் கதவைச் சாத்திய பிறகு மேற்கே திரும்பிய மால்டோவா, இந்த விலையோடு மல்லுக்கட்ட முடியாது. அங்கிருந்து மெர்லோ மாதிரி எல்லா நாட்டிலும் விளைகிற திராட்சை வைனை வாங்காதீர்கள். ஃபெத்தியாஸ்கா நேக்ரா மாதிரி அந்தப் பக்கத்துக்கே உரிய திராட்சை என்றால் 12 பவுண்டுக்கு வைத்துப் பார்க்கலாம், ஒப்பிட ஆள் இல்லை.

எக்சைஸைக் குறைக்க ஒரு வழி உண்டு. வீரியம் குறைந்தால் வரியும் குறையும்: அதே 2025 விகிதப்படி 11 சதவீதத்துக்கு 2.44, 14.5க்கு 3.21. வாட்டோடு 90 பென்ஸுக்கு மேல் மிச்சம், ஏஜென்டிடம் பேரம் பேசி இவ்வளவு குறைக்க முடியாது. அதனால் விலைப்பட்டியலுக்கு முன்னால் லேபிளில் உள்ள சதவீதத்தைப் பாருங்கள். 2025 பிப்ரவரிக்கு முன்பு 11.5 முதல் 14.5 வரை ஒரே தொகை, 2.67. இப்போது புள்ளிக்குப் புள்ளி வேறு. இதற்கு அரசு வைத்த பெயர் 'எளிமைப்படுத்தல்'!

சரி, ஏஜென்ட் விஷயம். அவர் பிரிட்டனில் இருந்து விற்பவர் என்றால், வரித்துறையிடம் மொத்த வியாபாரியாகப் பதிவு பெற்றிருக்க வேண்டும். 2017 ஏப்ரலிலிருந்து அதைச் சரிபார்ப்பது உங்கள் பொறுப்பு. திருடனைப் பிடிக்கிற வேலையைக் கடைக்காரர் தலையில் கட்டிவிட்டார்கள், என்ன செய்ய. பில்லில் பதிவு எண் இருக்கும், மூன்றாவது நான்காவது எழுத்து ஏ, டபிள்யூ. அரசு இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டுப் பாருங்கள், வருகிற பக்கத்தைத் தேதியோடு அச்செடுத்து வையுங்கள். எண் கேட்டதும் "அப்புறம் அனுப்புகிறேன் அண்ணா" என்றால் முன்பணம் கொடுக்காதீர்கள். சரக்கு பறிமுதலாகும்போது கடையில் நிற்கப்போவது நீங்கள், அவர் இல்லை.