பீரோவில் இருக்கும் மாத்திரை

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பாவுக்கு 68 வயது. அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று வருடங்களுக்கு முன் புராஸ்டேட் புற்றுநோய் என்றார்கள். இப்போது முதுகெலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் பரவிவிட்டது. போன மாதம் பெரிய மருத்துவமனையில் "இனிமேல் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வலி தாங்காமல் உள்ளூர் அரசு மருத்துவமனையின் பாலியேட்டிவ் (நோய்த்தணிப்பு) பிரிவுக்குக் கொண்டுபோனோம். அங்கே மார்ஃபின் 10 மில்லிகிராம், நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று எழுதிக் கொடுத்தார்கள். ஆனால் அண்ணன், "இப்பவே இதைக் கொடுத்துட்டா கடைசியில எதைக் கொடுக்கிறது?" என்கிறான். சித்தப்பா அது போதை மாத்திரை, உயிரைச் சீக்கிரம் முடித்துவிடும் என்கிறார். அப்பாவும் "பொறுத்துக்கிறேன்மா" என்றுதான் சொல்கிறார். ராத்திரி அலறும்போது மட்டும் பாதி மாத்திரை கொடுக்கிறோம். மீதி பீரோவில் இருக்கிறது. நாங்கள் செய்வது சரியா அக்கா?

(பெயரும் ஊரும் வேண்டாம்)

அன்புள்ள தங்கைக்கு,

சரியில்லை. முதலில் அந்த அட்டையைப் பீரோவிலிருந்து வெளியே எடுங்கள்.

இப்படிச் சொல்ல எனக்கு உரிமை உண்டா என்று உங்கள் அண்ணன் கேட்கலாம். நான் மருத்துவர் இல்லை. ஆனால் இதே தவறைச் செய்தவள். என் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருந்த சமயம், இதே மாத்திரையைச் சாமி அலமாரியில் விபூதித் தட்டுக்குப் பின்னால் வைத்திருந்தேன். நாளுக்கு ஒன்று, ரொம்ப முடியாவிட்டால் இரண்டு. அவசரத்துக்கு ஆகும் என்று பணத்தை எடுத்து வைப்பது போலத்தான். வீட்டுக்கு வந்து பார்த்த நர்ஸ் அட்டையை வாங்கி எண்ணிப் பார்த்துவிட்டு, "யாருக்கும்மா சேத்து வச்சிருக்கீங்க?" என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை.

உங்கள் அண்ணனின் கேள்விதான் நிறைய வீடுகளில் ஆளை வதைக்கிறது, அதனால் அதற்கு விரிவாகவே சொல்கிறேன். பாராசிட்டமாலுக்கு ஒரு நாளில் இவ்வளவுதான் என்று உச்ச அளவு உண்டு, தாண்டினால் ஈரல் கெடும். டிரமடால் என்கிற வலி மாத்திரைக்கும் அப்படி உண்டு. புற்றுநோய் வலிக்குக் கொடுக்கும் மார்ஃபினுக்கு அப்படி முன்கூட்டியே கிழித்த கோடு கிடையாது. வலி கூடினால் மருத்துவர் அளவைப் படிப்படியாகக் கூட்டுவார், அது வேலை செய்யும். இன்று கொடுத்தால் கடைசியில் பலிக்காமல் போய்விடும் என்பது நாமாகக் கட்டிய கதை. அதோடு, அந்தக் "கடைசி" எந்தத் தேதி? எலும்புக்குப் பரவிய புராஸ்டேட் புற்றுநோயோடு மாதக்கணக்கில், சிலர் வருடக்கணக்கில் கூட இருக்கிறார்கள். அத்தனை ராத்திரியும் அப்பா அலற வேண்டுமா?

அலறும்போது கொடுப்பதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. சாதாரண மார்ஃபின் மாத்திரையின் வேலை சுமார் நான்கு மணி நேரம்தான். வலி உச்சிக்கு ஏறிய பிறகு அதை இறக்குவது கஷ்டம், ஏறவிடாமல் வைத்திருப்பது சுலபம். 1967-ல் லண்டனில் கடைசிக் கால நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸைத் தொடங்கிய மருத்துவர் சிசிலி சாண்டர்ஸ் விடாமல் சொல்லிவந்தது இதைத்தான். 1986-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிமுறையும் வாய்வழியாகக் கொடு, கடிகாரத்தைப் பார்த்துக் கொடு என்றது. அம்மாவுக்குக் காலை 6, 10, பகல் 2, மாலை 6, இரவு 10 என்று அட்டவணை போட்டார்கள். இரவு 10 மணிக்கு மட்டும் இரண்டு வேளை அளவைச் சேர்த்துக் கொடுக்கச் சொன்னார் மருத்துவர், நடுராத்திரியில் எழுப்ப வேண்டாம் என்பதற்காக. உங்கள் அப்பாவுக்கு அது ஒத்துவருமா என்று கேளுங்கள், நீங்களாகச் செய்யாதீர்கள். இரண்டு வேளைக்கு நடுவே வலி திடீரென்று கிளம்பினால் எவ்வளவு கூடுதலாகக் கொடுக்கலாம் என்பதையும் எழுதி வாங்குங்கள்.

சரி, சித்தப்பாவுக்கு வருவோம். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. நிறைய வீடுகளில் ஆள் நினைவு தப்பும் நிலைக்குப் போன பிறகுதான் மார்ஃபினைக் கையில் எடுக்கிறார்கள். இரண்டு நாளில் இறந்துபோனால் பழி மாத்திரை மேல் விழுகிறது. மருத்துவர் சொன்ன அளவில் கொடுத்தால் அது ஆயுளைக் குறைப்பதில்லை. வலிக்காக முறையாகச் சாப்பிடுபவர் போதைக்கு அடிமையாவதும் அபூர்வம். உடம்பு பழகிவிடும் என்பது உண்மை, அதனால் திடீரென்று நிறுத்தக் கூடாது. அவ்வளவுதான்.

முதல் இரண்டு மூன்று நாட்கள் அப்பா தூங்கிக்கொண்டே இருக்கலாம். பாதிப் பேர் வீட்டில் அதைப் பார்த்துப் பயந்து நிறுத்திவிடுகிறார்கள். எத்தனை ராத்திரித் தூக்கத்தை ஈடுகட்டுகிறாரோ என்று நினைத்துக்கொள்ளுங்கள். குமட்டலும் சில நாளில் அடங்கும். அடங்காதது மலச்சிக்கல் ஒன்றுதான். மார்ஃபின் தொடங்கும் அன்றே மலமிளக்கி மாத்திரையும் தொடங்க வேண்டும். சீட்டில் இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். நான்கு நாள் வெளிக்குப் போகாத ஒருவருக்கு எலும்பு வலியோடு வயிற்று வலியும் சேர்ந்துவிடும், அப்புறம் பழி மறுபடி மார்ஃபின் மேல்தான்.

இரண்டு விஷயங்களில் மட்டும் தாமதிக்கக் கூடாது. புராஸ்டேட் புற்றுநோய் சிறுநீர்ப் பாதையை அடைத்துச் சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். அப்படி ஆனால் மார்ஃபின் உடம்பிலேயே தங்கும். எழுப்பினாலும் எழாத அளவு மயக்கம், கைகால் வெட்டி வெட்டி இழுப்பது, மூச்சு மிகவும் மெதுவாவது, இதில் எது தெரிந்தாலும் அடுத்த வேளையைக் கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்குப் பேசுங்கள். இன்னொன்று, முதுகெலும்பில் நோய் இருப்பதால் காலில் திடீரென்று பலம் குறைந்தாலோ மரத்துப்போனாலோ சிறுநீர் போகாமல் நின்றாலோ, அன்றைக்கே கூட்டிப்போங்கள். தண்டுவடம் நசுங்கினால் மணிக்கணக்கில்தான் அவகாசம், பிறகு நடை திரும்பாது.

எலும்பு வலிக்குக் கதிர்வீச்சும் கொடுப்பார்கள், பல நேரம் ஒரே ஒரு தடவை போதும். "வீட்டில் வைத்துப் பாருங்கள்" என்று அனுப்பிய இடத்தில் இதைச் சொன்னார்களா? கேட்டுப் பாருங்கள். கட்டிக்கு மருந்து தீர்ந்ததென்றால் வலிக்கும் மருந்து தீர்ந்துவிட்டதென்று எப்படி அர்த்தம்?

உங்களுக்கு மார்ஃபின் எழுதிக் கொடுக்க ஓர் அரசு மருத்துவமனை இருந்ததே, அது சின்ன விஷயமில்லை. மார்ஃபின் அபினியிலிருந்து எடுப்பது. மத்தியப் பிரதேசத்தின் நீமச்சிலும் உத்தரப் பிரதேசத்தின் காஜிப்பூரிலும் அரசாங்கமே அபினி ஆலை நடத்துகிற நாடு இது. ஆனாலும் 1985-ல் வந்த போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடிக்குப் பயந்து எத்தனையோ மருத்துவமனைகள் மார்ஃபின் வைப்பதையே விட்டுவிட்டன. 2014-ல்தான் சட்டத்தைத் திருத்தி வழியை எளிதாக்கினார்கள். அதற்காக வருடக்கணக்கில் அலைந்தவர்களில் முக்கியமானவர் திருவனந்தபுரத்து மருத்துவர் எம்.ஆர். ராஜகோபால். 1993-ல் கோழிக்கோட்டில் வலி தணிப்புச் சங்கத்தைத் தொடங்கியவர்களிலும் ஒருவர் அவர். இன்றும் சாதாரண மருந்துக்கடையில் மார்ஃபின் கிடைக்காது. அதனால் தீர்வதற்கு ஒரு வாரம் இருக்கும்போதே போய் வாங்கிவிடுங்கள். நம் தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" என்கிற அரசுத் திட்டத்தில் வீட்டுக்கே வந்து நோய்த்தணிப்புச் சிகிச்சை தருவதும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் அப்பாவின் பெயரைப் பதியுங்கள். புண் வராமல் புரட்டிப் படுக்கவைப்பதையும் வாய் சுத்தம் செய்வதையும் அவர்கள் செய்துகாட்டினால் ஒரே தடவையில் பிடிபட்டுவிடும், நான் எழுதிப் புரியவைக்க முடியாது.

கடைசியாக அப்பாவின் "பொறுத்துக்கிறேன்". எங்கள் அம்மாவும் அதையேதான் சொன்னாள். அந்த நர்ஸ்தான் "ரூபாய்க்கு எத்தனை அணாம்மா வலி?" என்று கேட்டார். அம்மா யோசிக்கவே இல்லை. "பதினாலு" என்றாள், பதினாறு அணா ரூபாய்க்கு. எங்களிடம் எல்லாம் "பரவாயில்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தவள். நேரத்துக்குக் கொடுக்க ஆரம்பித்த நான்காம் நாள் அது மூன்று அணாவாகியது. அன்றைக்குச் சாம்பாரில் உப்பு இல்லை என்று என்னைத் திட்டினாள்.

உங்கள் அப்பா ஆயுசு முழுக்கச் சில்லறை எண்ணியவர். பத்து ரூபாய்க்கு எத்தனை ரூபாய் வலி என்று கேளுங்கள். ஒவ்வொரு வேளைக்கு முன்னாலும் கேட்டு, நேரத்தோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். அடுத்த முறை ஓபிக்குப் போகும்போது மருத்துவரிடம் நீங்கள் எதையும் விளக்க வேண்டியிருக்காது, நோட்டைக் கொடுத்தால் போதும். முதல் வாரத்துக் கணக்கை எனக்கும் அனுப்புங்கள்.