படகில் சேரும் குப்பை: கேள்வி பதில்

கேள்வி (முல்லைத்தீவு): ஃபைபர் படகில் இரவுத் தொழிலுக்குச் செல்கிறோம். சாப்பாட்டுப் பொலித்தீனையும் வெற்றுப் போத்தலையும் கடலில் போடுவது கப்பல்காரருக்கு மட்டும்தான் குற்றமா, ஐயா?

பதில்: உங்களுக்கும்தான். கப்பல்களால் கடல் மாசடைவதைத் தடுக்கும் சர்வதேச உடன்படிக்கையான மார்ப்போலில், குப்பை பற்றிய ஐந்தாம் இணைப்பு 1988 டிசம்பர் 31 முதல் நடைமுறையில் உள்ளது. கப்பல், மீன்பிடிப் படகு, உல்லாசப் படகு என்ற வேறுபாடின்றி, கரையிலிருந்து எவ்வளவு தொலைவில் இருந்தாலும் பிளாஸ்டிக் எதையும் கடலில் போடக்கூடாது என்கிறது அது. நைலோன் கயிற்றுத் துண்டும் இதில் அடங்கும். சட்டம் ஒருபுறமிருக்க, மிதக்கும் பொலித்தீன் வெளியிணைப்பு எஞ்சினின் தண்ணீர் உறிஞ்சும் துவாரத்தை அடைத்தால், பின்புறம் பீச்சும் தண்ணீர் மெலிந்து நின்று, எஞ்சின் சூடேறிவிடும். அந்தப் பொலித்தீனை எறிந்தவரும் பெரும்பாலும் நம்மவர்தான்.

கேள்வி (நாயாறு): மிஞ்சிய சோறு, மீன் குடல்?

பதில்: அரைக்காத உணவுக் கழிவைக் கரையிலிருந்து 12 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 22 கிலோமீற்றர் தாண்டிய பிறகே கொட்டலாம். தொழிலின்போது கிடைக்கும் பச்சை மீன் கழிவை அந்த இணைப்பு குப்பையாகக் கொள்வதில்லை. ஆனாலும் களப்புக்குள் அதைக் கொட்டாதீர்கள்; தேங்கிய நீரில் அது அழுகும்போது உயிர்வாயு குறைந்து, மீனும் இறாலும் மூச்சுத் திணறும்.

கேள்வி (இரணைதீவு): தீவில் தங்கித் தொழில் செய்கிறோம். குப்பையைக் கரைக்குக் கொண்டுவருவதற்குள் நாறிவிடுகிறதே?

பதில்: நாறுவது ஒட்டியிருக்கும் உணவுதான். மீன் ரின்னைக் காலியானவுடன் கடல்நீரில் அலசி மிதித்துத் தட்டையாக்குங்கள். போத்தலை நசுக்கிக் காற்று வெளியேறிய நிலையிலேயே மூடியை இறுக்கினால் அது மீண்டும் உப்பாது. ஒரு உரப்பையில் பல மடங்கு கொள்ளும். பையின் வாயைக் கட்டி, காற்று தூக்காதபடி படகின் முன்பகுதியான அணியத்துக்குள் செருகுங்கள். சிறு போத்தல்களுக்குப் பதிலாக 20 லீற்றர் கானில் குடிநீர் எடுத்துச் சென்றால் பாதிச் சுமை புறப்படும்போதே குறையும். ரெஜிபோம் பெட்டியைத் தவிருங்கள்: உடைந்தால் மணிமணியாகச் சிதறும், பழைய பொருள் வாங்குவோரும் அதைத் தொடமாட்டார்கள்.

கேள்வி (கொக்கிளாய்): கிழிந்த வலையைக் கரையில் எரித்துவிடலாமா?

பதில்: வேண்டாம். நைலோன் எரியும்போது வரும் புகையில் ஐதரசன் சயனைட்டு என்ற நச்சு வாயு கலந்திருக்கும்; உருகி இறுகிய கட்டிகள் மணலில் கிடந்து, அடுத்த மாரியில் கடலுக்கே போய்ச் சேரும். கடலில் விடுவது அதைவிட மோசம். நைலோன் நீரைவிடப் பாரமானதால் அடியில் படிந்து, எடுப்பார் இல்லாமலேயே நண்டையும் மீனையும் பிடித்துக்கொண்டிருக்கும். கண்டல் வேரில் சுற்றிய துண்டை வெட்டி எடுத்தவர்களுக்கு அந்த வேலையின் சிரமம் தெரியும். ஈயத்தையும் மிதவையையும் கழற்றி மீண்டும் பயன்படுத்துங்கள், நல்ல பகுதியைத் தோட்ட வேலிக்குக் கொடுங்கள், எஞ்சியதைச் சுருட்டிக் கட்டிச் சங்கத்தில் ஓரிடத்தில் சேருங்கள். மீள்சுழற்சிக்கு எடுப்பவர் கிலோக் கணக்கில் இருந்தால்தான் வருவார்; ஒரு வீட்டு வலைக்காக யாரும் கொக்கிளாய் வரை லொறி விடமாட்டார்.

கேள்வி (மாத்தளன்): மாற்றிய கியர் ஒயில்?

பதில்: அதைப் பழைய ஒயில் கானிலேயே ஊற்றி மூடுங்கள். தண்ணீரோ மண்ணெண்ணெயோ கலந்தால் வாங்குபவர் திருப்பிவிடுவார்.