காய்ச்சல் வராத முதுமை

ஐயா வணக்கம்.

பாம்பனிலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு 74 வயது, இன்னும் தென்கடலில் வள்ளத்துக்குப் போகிறார். போன மாதம் வலையிலிருந்து மீனைக் கழற்றும்போது கெளுத்தி முள் கையில் ஏறிவிட்டது. காய்ச்சல் இல்லையே என்று மஞ்சள் பற்றுப் போட்டுவிட்டு மூன்று நாள் சும்மா இருந்துவிட்டோம். நாலாம் நாள் முழங்கை வரை வீங்கி, உளற ஆரம்பித்துவிட்டார். ராமநாதபுரம் கொண்டுபோய்க் காப்பாற்றினோம். அதற்குச் சில வாரம் முன்னால் எடுத்த ரத்தப் பரிசோதனையில் வெள்ளணுக்கள் நார்மல் என்றுதான் இருந்தது. எதிர்ப்புச் சக்தி குறைந்திருந்தால் அதில் தெரியாதா? அம்மாவுக்குப் போன வருடம் அக்கி வந்தது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா? எதிர்ப்புச் சக்தி டானிக் வாங்கலாமா என்று அண்ணன் கேட்கிறான். என் பெயர் வேண்டாம்.

*

அன்புள்ள சகோதரிக்கு,

அப்பா பிழைத்து வந்தது பெரிய நிம்மதி. முதலில் காய்ச்சலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், நம் கரையில் வயதானவர்கள் இருக்கும் எல்லா வீட்டுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். கிருமியைக் கண்ட வெள்ளணுக்கள் சில வேதிப்பொருட்களைச் சுரக்கின்றன. அவை மூளைக்கு எட்டி, மூளைதான் உடம்புச் சூட்டை ஏற்றுகிறது. வயதாக ஆக இந்தத் தொடர் மந்தமாகிவிடும். உள்ளே தொற்று முற்றியிருந்தும் உடம்பு சுடாமல் இருக்கும் முதியவர்கள் நிறைய. அவர்களிடம் உளறல், சோறு வேண்டாம் என்பது, தள்ளாட்டம், மூச்சிரைப்பு இவைதான் முதலில் தெரியும். போதாததற்கு, வெதுவெதுப்பான உப்புநீரில் விப்ரியோ இனத்துக் கிருமிகள் உண்டு. சர்க்கரையோ ஈரல் நோயோ உள்ள பெரியவர்களின் காயத்தில் அவை புகுந்தால் ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்து. எழுபது தாண்டியவருக்கு முள் குத்தி வீக்கம் ஏறினால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கடலில் குத்தியது என்று டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும், கொடுக்கும் மருந்து அதைப் பொறுத்து மாறும்.

இனி ரிப்போர்ட். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 4,000 முதல் 11,000 வரை வெள்ளணுக்கள் இருந்தால் நார்மல் என்று எழுதுவார்கள். அது தலை எண்ணிக்கை மட்டும். எழுபது வயதிலும் அந்த எண்ணிக்கை பெரிதாகக் குறைவதில்லை. யார் யார் இருக்கிறார்கள் என்பதுதான் மாறிப்போகிறது. மார்பெலும்புக்குப் பின்னால் தைமஸ் என்று ஒரு சுரப்பி இருக்கிறது. 1961-ல் லண்டனில் ஜாக் மில்லர் பிறந்த எலிக்குஞ்சுகளிடமிருந்து அதை எடுத்துப் பார்த்தபோதுதான் நோயெதிர்ப்பில் அதன் பங்கு உலகத்துக்குத் தெரிந்தது. வெள்ளணுக்களில் ஒரு வகையான டி அணுக்கள் பயிற்சி பெறும் இடம் அது. பருவ வயதிலிருந்தே சுருங்கத் தொடங்கி, முதுமையில் பெரும்பகுதி கொழுப்பாகிவிடும். அதனால் இதுவரை பார்க்காத கிருமியை எதிர்கொள்ளக்கூடிய புதிய டி அணுக்கள் ரத்தத்தில் குறைந்துகொண்டே போகின்றன. அந்த இடத்தைப் பழைய தொற்றுகளை நினைவில் வைத்திருக்கும் அணுக்கள் பிடித்துக்கொள்கின்றன. பெரும்பாலான பெரியவர்களின் உடம்பில் சத்தமில்லாமல் தங்கியிருக்கும் சைட்டோமெகலோ வைரஸ் ஒன்றை மட்டுமே காவல் காக்க ஏராளமான அணுக்கள் ஒதுங்கிவிடுகின்றன. வள்ளத்தில் ஆள்கணக்கு சரியாக இருந்தும், எல்லாரும் கடலடியில் ஒரே பாறைத்திட்டில் மட்டுமே தொழில் பழகியவர்களாக இருந்தால் எப்படி, அப்படி. காயத்துக்கு முதலில் ஓடிவரும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்களும் எண்ணிக்கையில் குறைவதில்லை, ஆனால் கிருமி இருக்கும் திசைக்கு நேராகப் போவதில் பிசகுகின்றன.

அம்மாவின் அக்கிக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு. சின்ன வயதில் வந்த சின்னம்மையின் வைரஸ் உடம்பை விட்டுப் போவதேயில்லை, நரம்பு முடிச்சுகளில் ஒடுங்கிக் கிடக்கிறது. அதைத் தலையெடுக்கவிடாமல் வைத்திருப்பவை டி அணுக்கள். அவை தளர்ந்ததும் அது நரம்பு வழியே தோலுக்கு வந்துவிடும். காவி மண்ணில் அக்கி எழுதுவதை நான் குறை சொல்லவில்லை, மனதுக்கு ஆறுதலாக இருக்கலாம். ஆனால் கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் வைரஸை அடக்கும் மாத்திரையைத் தொடங்கினால்தான் பலன் அதிகம். எழுதிவிட்டுக் காத்திருப்பதில் அந்த நேரம் போய்விடுகிறது.

டானிக் வேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லுங்கள். முதுமையில் எல்லாமே குறைந்துவிடுவதில்லை. கிருமியே இல்லாதபோதும் ரத்தத்தில் மெல்லிய அழற்சி ஓயாமல் இருந்துகொண்டிருக்கும். இத்தாலிய விஞ்ஞானி கிளாடியோ பிரான்செஸ்கி 2000-ல் இதை முதுமையின் ஓர் அடையாளமாகவே எடுத்துச் சொன்னார். ரத்தக்குழாய் அடைப்பு முதல் சர்க்கரை வரை இதன் கை இருக்கிறது. பொத்தாம்பொதுவாகத் தூண்டிவிடுவதால் என்ன நன்மை?

தேவை, குறிப்பான தூண்டல். அதற்குத்தான் தடுப்பூசி. இப்போது வரும் அக்கித் தடுப்பூசியில் வைரஸின் ஒரு புரதத்தோடு அணுக்களை உசுப்பும் துணைப்பொருளும் சேர்ந்திருக்கிறது. 50 வயதுக்கு மேல் இரண்டு தவணை. எழுபது கடந்தவர்களிலும் சுமார் 90 சதவீதப் பாதுகாப்பு தந்திருக்கிறது. வயதான அணுக்களும் சரியாக அழைத்தால் எழுந்து வரும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் விலை அதிகம், அரசின் இலவசத் தடுப்பூசிகளில் சேரவும் இல்லை. கடலில் உழைத்தே வயதானவர்களுக்கு இது எட்டாமல் இருப்பது எனக்கு வேதனை.

முடிந்தால் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஒருமுறை அக்கி வந்தவர்களும் போட்டுக்கொள்ளலாம். அப்பா மறுபடி கடலுக்குப் போகுமுன் சர்க்கரை பார்த்துவிடுங்கள், டெட்டனஸ் ஊசி போட்டுப் பத்து வருடம் ஆகியிருந்தால் அதையும் போட்டுவிடுங்கள்.