3,000 சொல் பட்டியலை மூடி வையுங்கள், தம்பி

வெளிநாட்டு வேலைக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது, 3,000 கடினமான ஆங்கிலச் சொற்களைத் தினம் முப்பது வீதம் உருப்போடுகிறேன், அலுவலகத்தில் சமாளிக்க இது போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது தம்பி. நானும் அப்படி ஒரு நோட்டோடு வந்து இறங்கியவன்தான்.

சேர்ந்த இரண்டாம் வாரம் பத்து மணி மீட்டிங் 'கால்டு ஆஃப்' என்று மேலாளர் போகிற போக்கில் சொன்னார். 'கால்' காதில் விழுந்ததும் போனில்தான் நடக்கும் போல என்று நினைத்துக்கொண்டேன். காலி அறையில் மேசை நடுவே இருந்த போனைப் பார்த்தபடி நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். சும்மா இருப்பானேன் என்று நோட்டைத் திறந்து, 'லொக்வேஷியஸ்' என்றால் ஓயாமல் பேசுகிறவர் என்று படித்துக்கொண்டிருந்தேன். கூட்டம் ரத்தானதை, அறையைத் துடைக்க வந்தவர்தான் சொன்னார்.

புட் ஆஃப் என்றால் தள்ளிப்போடுவது, புட் அப் வித் என்றால் பொறுத்துப்போவது, புட் அவுட் என்றால் அணைப்பது. எல்லாம் சின்னப் பிள்ளைகள் படிக்கிற சொற்கள்தான், சேர்ந்தால் ஆளைக் கவிழ்க்கும். நமக்கு 'டவுட்' என்றால் கேள்வி, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களுக்கு அவநம்பிக்கை. 'ஐ ஹேவ் எ டவுட்' என்று நான் சொல்லப்போய், தன் கணக்கை நம்பவில்லை என்று ஒரு சக ஊழியர் இரண்டு நாள் முகம்கொடுத்துப் பேசவில்லை. 'டேபிள்' இன்னும் மோசம். பிரிட்டிஷ்காரர் ஒரு விஷயத்தை டேபிள் செய்தால் பேச எடுக்கிறார், அமெரிக்கர் செய்தால் ஒத்திவைக்கிறார்.

பட்டியல் இருந்தே ஆகவேண்டும் என்றால் மொழி ஆய்வாளர் ஏவரில் காக்ஸ்ஹெட் 2000-இல் வெளியிட்ட 'அகடமிக் வேர்ட் லிஸ்ட்' இருக்கிறது. 570 சொற்குடும்பங்கள்தான் (ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைத்தவையும் சேர்ந்தது ஒரு குடும்பம்), ஆனால் ஆய்வு எழுத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு அவைதான். அதையும், 1953-இல் மைக்கேல் வெஸ்ட் தொகுத்த சுமார் 2,000 அடிப்படைச் சொற்கள் கைவந்த பிறகு தொடுங்கள்.

இங்கே நம்மவர்கள் சிலர் இருக்கிறார்கள். 'யூஸ்' என்று எழுதினால் கௌரவக் குறைச்சல், 'யூட்டிலைஸ்' என்றுதான் எழுதுவார்கள். அவர்கள் பேச்சைக் கேட்டுத்தான் முதல் வருடத்தை வீணாக்கினேன். இப்போது இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் கடிதத்தை அனுப்பும் முன் என்னிடம் காட்டுகிறார்கள். பெரிய சொல்லாகப் பார்த்து நீக்கிக் கொடுக்கிறேன், அவ்வளவுதான் என் வேலை.

உச்சரிப்பு, வாடகை வீடு பற்றியும் கேட்டீர்கள், அதை வேறு யாராவது சொல்வார்கள். அந்த நோட்டு இன்னும் அலமாரியில் கிடக்கிறது. 'லொக்வேஷியஸ்' இதுவரை ஒரு தடவைகூட எனக்குத் தேவைப்படவில்லை. ஒருநாள் வீட்டில் அதற்கு அர்த்தம் சொன்னேன். அது நீங்கள்தானே என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள் மனைவி.